சீனத்து இனிப்புக் கடையில் சைவக்காரர்களுக்கும் இடம் உண்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த சீனப் பயணக் கட்டுரையை விரும்பிப் படித்தேன். ஆனால், "இனிப்பு என்று சொல்லிக்கொள்ள அங்கே ஒன்றும் இல்லை, சைவக்காரர்கள் பொடியும் ஊறுகாயும் கட்டிக்கொண்டு போங்கள்" என்று போகிற போக்கில் எழுதியிருந்தது மனதை உறுத்தியது. எங்கள் பயணத்துக்கு ஏற்பாடு செய்தவரும் இதையேதான் சொன்னார். அதை நம்பி முதல் மூன்று நாட்களை அவலிலும் பருப்புப் பொடியிலும் ஓட்டினோம்.

தென் சீனத்தின் குவாங்சோ நகரில் 1957 முதல் ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கும் கான்டன் வணிகக் கண்காட்சிக்கு எங்கள் திருப்பூரிலிருந்து பலர் போகிறார்கள். நானும் அக்கா வீட்டுக்கார மாமாவும் பொத்தான், ஜிப் வகைகள் பார்க்கப் போயிருந்தோம். மாமா முட்டைகூடத் தொடாத சுத்த சைவம். நான்காம் நாள் வேலை சீக்கிரம் முடிந்ததால், நகரின் தெற்கே பன்யூ பகுதியில் உள்ள ஷாவான் என்ற பழைய ஊரைப் பார்க்கக் கிளம்பினோம்.

அங்கே ஒரு சின்னக் கடை. ஒரு பாட்டி முற்றின இஞ்சியைத் துருவி, பிழிந்து, கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் சாறு விட்டிருந்தார். சர்க்கரை கலந்த எருமைப் பாலைச் சூடாக்கி, சற்று ஆறவிட்டு, ஒரு முழ உயரத்திலிருந்து ஒரே மூச்சில் அதன்மேல் ஊற்றினார். கலக்கவில்லை. எங்களையும் கிண்ணத்தைத் தொடக்கூடாது என்று கையைக் காட்டினார். சில நிமிடம் கழித்து ஒரு பீங்கான் கரண்டியை மேலே வைத்தார். மூழ்காமல் அப்படியே நின்றது! மாமா முதல் வாய் எடுத்துவிட்டு, "மாப்ளே, நம்ம சீம்பாலாட்டவே இருக்குதுடா" என்றார். பால், இஞ்சி, சர்க்கரை, அவ்வளவுதான். இஞ்சியில் உள்ள ஒரு நொதிதான் பாலை உறையவைக்கிறது. இதன் பெயர் 'ஜியாங் ஜுவாங் நை'. 'நை' என்றால் பால். இஞ்சியில் மோதும் பால் என்று பெயருக்குப் பொருள்.

அதற்கப்புறம் எங்களுக்கு இனிப்புக் கடை தேடுவதே வேலையாகிவிட்டது. அந்தப் பக்கத்தில் இவற்றை 'சர்க்கரைத் தண்ணீர்' என்ற பொருளில் 'தாங் ஷுய்' என்கிறார்கள். கறுப்பு எள்ளை வறுத்து, அரிசியோடு அரைத்துக் காய்ச்சிய கஞ்சி, சிவப்புப் பயறோடு பல வருடம் பதப்படுத்திய ஆரஞ்சுத் தோலைப் போட்டு வேகவைத்த பாயசம் என்று விதவிதமாக இருக்கிறது. ஆரஞ்சுத் தோலின் மணமும் லேசான கசப்பும் முதலில் புதிதாக இருக்கும், பாதிக் கிண்ணத்தில் பிடித்துப்போகும். நம் நாக்குக்குச் சர்க்கரை குறைவுதான். அங்கே ஓர் இனிப்பைப் பாராட்டுவதே 'அதிகம் தித்திக்கவில்லை' என்றுதான்.

உணவுக்கு யுனெஸ்கோவின் அங்கீகாரத்தை 2014-இல் பெற்ற ஷுன்டே பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே பிறந்ததுதான் இரட்டை ஆடைப் பால். சூடான எருமைப் பாலில் ஆடை கட்டியதும், ஆடை கிழியாமல் அடியிலிருந்து பாலை மட்டும் வடித்து எடுக்கிறார்கள். பிறகு முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் கலந்து, அதே ஆடைக்கு அடியில் திரும்ப ஊற்றி ஆவியில் வேகவைக்கிறார்கள். இரண்டாவது ஆடையும் கட்டுகிறது. முட்டை இருப்பதால் மாமா தொடவில்லை. நான் இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன்.

இந்த மாதிரி விவரங்களைத்தான் உங்கள் கட்டுரையாளர் சொல்லியிருக்க வேண்டும். 'தாங் யுவான்' என்ற அரிசி மாவு உருண்டை, பார்வைக்கும் வாய்க்கும் நம் எள்ளுக் கொழுக்கட்டையேதான். ஆனால் அதன் எள்ளுப் பூரணத்தில் பழைய முறைப்படி பன்றிக் கொழுப்பு சேரும். 'லாவ் போ பிங்' என்ற பலகாரத்துக்குள் இருப்பது, நாம் காசி அல்வா கிண்டும் அதே வெண்பூசணி. மேல் மாவில் பன்றிக் கொழுப்பு. கறுப்பாகக் கசக்கும் 'குய்லிங் காவ்'வில் பரங்கிப்பட்டை இனத்துக் கிழங்கோடு ஆமை ஓடும் பழைய முறைப்படி சேரும். மாமா இவற்றையெல்லாம் ஆசையாகப் பார்த்துவிட்டுத் திரும்பினார். கேட்காமல் சாப்பிட்டிருந்தால் அவர் மனசு என்ன பாடுபட்டிருக்கும்? கைபேசியில் 'பன்றிக் கொழுப்பு, முட்டை உண்டா?' என்று சீனத்தில் எழுதிக் காட்டினால் போதும். நாங்கள் போன கடைகளில் யாரும் முகம் சுளிக்கவில்லை, பொறுமையாகத்தான் பதில் சொன்னார்கள்.

ஊருக்கு வந்ததும் மாமா அந்த இஞ்சிப் பாலை வீட்டிலேயே செய்து பார்த்தார். இரண்டு முறை பால் பாலாகவே நின்றது. கொதிக்கக் கொதிக்க ஊற்றியதுதான் தப்பு, அந்தச் சூட்டில் நொதி செத்துவிடுகிறது. மூன்றாம் முறை எழுபது டிகிரிக்கு ஆறவிட்டு ஊற்றினார், கட்டிவிட்டது. 200 மில்லி பாலுக்கு ஒரு மேசைக்கரண்டி இஞ்சிச் சாறு, ஊற்றுமுன் சாற்றை ஒரு முறை கலக்கிவிட வேண்டும். இடமிருந்தால் இந்த அளவை உங்கள் சமையல் பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருப்பூர்