என்.எஸ்.எஸ். ஆபீசர்களுக்கு ஒரு திறந்த மடல்: பசங்கள ஒரு பயிர்ப் பட்டம் முழுக்க பண்ணைக்கு அனுப்புங்க

தமிழ்நாட்டுல இருக்கிற எல்லா காலேஜ் என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) புரோகிராம் ஆபீசர்களுக்கும் வணக்கம்.

சார், மேடம், உங்ககிட்ட ஒரே ஒரு விஷயம் கேக்கத்தான் இத எழுதுறேன். வருஷா வருஷம் ஒரு கிராமத்த தத்தெடுத்து ஏழு நாள் ஸ்பெஷல் கேம்ப் போடுறீங்கல்ல, அது நடக்கட்டும், அதோட சேத்து பசங்கள காலேஜ் பக்கத்துல இருக்கிற ஒரு கூட்டுப்பண்ணைக்கு ஒரு பட்டம் முழுக்க அனுப்புங்க. விதை போடுறதுல இருந்து அறுப்பு வரைக்கும், ஒரே பண்ணை, ஒரே வயல், வாரத்துல ஒரு நாள். அவ்ளோதான் கோரிக்கை. ஏன் இவ்ளோ அழுத்திக் கேக்குறேன்னு சொல்றேன், கொஞ்சம் பொறுமையா படிங்க.

ஏழு நாள் கேம்ப்ல என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும். கோயில் குளத்த சுத்தம் பண்ணுவோம், சீமைக்கருவேலம் வெட்டுவோம், ரோட்டோரமா மரக்கன்னு நடுவோம், கடைசி நாள் பேனர் புடிச்சு போட்டோ எடுப்போம். நான் படிச்ச காலேஜ்லயும் அதேதான், நாங்க வெயில் காலத்துல நட்ட கன்னுக்கு தண்ணி ஊத்த யாருன்னு யாரும் பேசல, கேம்ப் முடிஞ்சு பஸ் ஏறுனதும் அந்த ஊருக்கும் எங்களுக்கும் இருந்த தொடர்பும் முடிஞ்சிருச்சு. பசங்க மேல தப்பு இல்ல, உங்க மேலயும் இல்ல. ஏழு நாள்ல ஒரு செடி நாலு இலை விடுறதுக்கே நேரம் பத்தாது, அதுக்குள்ள மனுசங்க மட்டும் எப்படி மாறுவாங்க?

ஆனா அதே காலத்துல, கேம்ப்புக்கு சம்பந்தமே இல்லாம, கரூர் பக்கம் நாலஞ்சு குடும்பம் சேந்து நடத்துன ஒரு பண்ணைக்கு சனிக்கிழமை சனிக்கிழமை போயிட்டிருந்த ஒரு கும்பல்ல நானும் ஒருத்தி. மானாவாரி பூமி, கெணத்துல தண்ணி கொஞ்சம்தான், ஆடிப்பட்டத்துல கடலை போட்டாங்க, ஊடால துவரையும் போட்டாங்க. எங்களுக்கு விதைக்கடலை ஒடைக்கத் தெரியாது, களை எது பயிர் எதுன்னு தெரியாது, கொத்து புடிக்கவே தெரியாது. எல்லாத்தையும் சொல்லிக் கொடுத்தது அங்க கூலிக்கு வந்துட்டிருந்த ஒரு வயசான அம்மாதான். பள்ளிக்கூடமே போகாதவங்க. மண் அணைச்சு முடிச்சு ஒரு ரெண்டு வாரம் இருக்கும், நான் பாத்திக்குள்ள எறங்கப் போறேன், "பாப்பா அங்க மிதிக்காத, விழுது எறங்குற நேரம்"னு கையப் புடிச்சு நிறுத்துனாங்க. அப்புறம் குத்தவச்சு இலையெல்லாம் ஒதுக்கிக் காட்டுனாங்க. மேல சின்னதா மஞ்சப் பூ, பூ வாடுன எடத்துல இருந்து ஊசி மாதிரி ஒரு காம்பு, நுனி ஊதாக் கலர்ல, நேரா மண்ணப் பாத்து எறங்கிட்டிருக்கு, சிலது ஏற்கனவே மண்ணுக்குள்ள போயிருச்சு. பூக்குறது வெளிய, காய்க்கிறது உள்ள. இத நான் புத்தகத்துல படிச்சு மார்க்கும் வாங்கியிருக்கேன், ஆனா அந்த அம்மா இலைய ஒதுக்கிக் காட்டுன வரைக்கும் எனக்கு அது தெரியவே தெரியாதுன்னுதான் சொல்லணும். இப்ப நான் ஸ்கூல்ல சயின்ஸ் டீச்சர். கடலைச் செடிய வேரோட கொண்டு போகாம அந்தப் பாடத்த நான் எடுக்குறதே இல்ல.

அந்த வருஷம் புரட்டாசி மழை ஏமாத்திருச்சு. காய் முத்துற நேரத்துல தண்ணி இல்ல. ஐப்பசி கடைசில கடலை புடுங்குனா பாதிக்கு மேல பொக்கு, உள்ள பருப்பே இல்ல. ஒக்காந்து காய் ஆஞ்சிட்டிருந்தப்ப யாருமே பேசல, அந்தக் குடும்பத்துல ஒருத்தர் மட்டும் கையில எடுத்து எடுத்து நசுக்கிப் பாத்துட்டே இருந்தாரு. நாங்க அத்தனை வாரம் களை எடுத்தோம், ஜிப்சம் போட்டோம், மண் அணைச்சோம், ஜீவாமிர்தம் கலக்கி ஊத்துனோம், ஒண்ணுலயும் கொறை இல்ல, ஒரு மழை வரல அவ்ளோதான். நூறு நாள் ஒழைப்ப ஒரு மழை தீர்மானிக்குதுன்றத இருவது வயசுல கூடவே நின்னு பாத்தவங்க அப்புறம் எந்த வேலைக்குப் போனாலும் அத மறக்க மாட்டாங்க, நான் முக்கியமா சொல்ல வர்றது இதத்தான்.

எங்க கும்பல்ல இருந்த ஒருத்தன் இப்ப கூட்டுறவு சொசைட்டில பயிர்க்கடன் பாக்குறான். விவசாயி வந்து "இந்த வாட்டி பொக்கா போச்சு சார், கொஞ்சம் டைம் வேணும்"னு சொன்னா அவனுக்கு அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு தெரியும். ரூல்ஸ மீற முடியாது, ஆனா எந்த ஃபார்ம் எப்ப கொடுக்கணும், இன்சூரன்ஸுக்கு கடைசி தேதி எப்பன்னு வந்தவங்கள ஒக்கார வச்சு சொல்றான், பட்டத்துக்கு முன்னாடியே பணம் கைக்குப் போய் சேரணும்னு ஓடுறான், ஏன்னா ஆடி தாண்டி வர்ற கடன் விதைக்கு ஒதவாது, வட்டிக்கடைக்காரருக்குத்தான் போகும்னு அவனுக்குத் தெரியும். இன்னொருத்தி சென்னைல ஐடில இருக்கா, அவ இருக்கிற அபார்ட்மெண்ட்ல இருவது முப்பது வீட்டச் சேத்து அந்தப் பண்ணைலயே நேரா கடலையும் செக்கு எண்ணெயும் வாங்குறா, வெல ஏறுனா ஏன் ஏறுச்சுன்னு மத்தவங்களுக்கு அவளே எடுத்துச் சொல்றா. ஒருத்தன் வேலைய விட்டுட்டு முழுசா விவசாயத்துல எறங்குனான், போர்வெல் காஞ்சு போச்சு, கடன் ஆச்சு, திரும்ப வேலைக்கு வந்துட்டான். அதையும் சொல்லாம நல்லதா மட்டும் எழுதுனா அது பொய். ஆனா அவன் இன்னும் ஒரு ஏக்கர குத்தகைக்கு வச்சு உளுந்து போட்டுட்டுத்தான் இருக்கான், விடல.

பண்ணைக்குப் போற எல்லாரும் விவசாயி ஆகணும்னு நான் சொல்லவே இல்ல சார். ஆக வேண்டாம். தாலுகா ஆபீஸ்லயும் பேங்க்லயும் ஆஸ்பத்திரிலயும் ஸ்கூல்லயும் நாளைக்கு ஒக்காரப் போறவங்க, ஒரு பயிர முழுசா பாத்தவங்களா இருக்கணும். விவசாயம் படிக்கிற பசங்களுக்கு ஃபைனல் இயர்ல கிராமத்துலயே தங்கி வேலை கத்துக்கிற ராவே புரோகிராம் இருக்கு. பி.காம். படிக்கிறவனுக்கு என்ன இருக்கு? கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிற பொண்ணுக்கு? என்.எஸ்.எஸ்.ஸ விட்டா வேற வழியே இல்ல.

இது நான் புதுசா கண்டுபிடிச்சதும் இல்ல. இங்கிலாந்துல 1971ல சூ கோப்பார்ட்னு லண்டன்ல ஆபீஸ் வேலை பாத்த ஒரு பெண்மணி, வார கடைசில சசெக்ஸ்ல ஒரு இயற்கைப் பண்ணைக்கு சில பேரக் கூட்டிட்டுப் போய் வேலை செஞ்சதுதான், இயற்கைப் பண்ணைகள்ல வாலண்டியர்கள் தங்கி வேலை செய்ய வழி பண்ற வூஃப் (WWOOF) அமைப்போட தொடக்கம், இன்னிக்கு நூறு நாட்டுக்கு மேல பரவியிருக்கு. நம்ம பக்கமே வாங்களேன். புதுச்சேரி பக்கத்துல ஆரோவில் 1968ல ஆரம்பிச்சப்ப அது அரிச்சுப்போன செம்மண் மேடு, கரை போட்டு மழைத்தண்ணிய நிறுத்தி கன்னு வச்சு வச்சுத்தான் இன்னிக்கு காடா நிக்குது, சுத்துப்பட்டு கிராமத்து ஜனங்களோட ஒழைப்பு அதுல நெறைய இருக்கு. அங்கயே காடு வளக்க 2003ல ஆரம்பிச்ச சாதனா ஃபாரஸ்ட் இப்பவும் வாலண்டியர்கள வச்சுத்தான் ஓடுது. அப்புறம் இயற்கை விவசாயத்த ஊர் ஊரா கொண்டு போன நம்மாழ்வார் ஐயா. கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்து வேலைய விட்டுட்டு வந்தவரு, கரூர் மாவட்டம் கடவூர்ல கல்லுங்கரடுமா கெடந்த பூமில வானகம்ன்ற பண்ணைய உருவாக்குனாரு. அங்க வந்து தங்கி மண்வெட்டி புடிச்சுட்டுப் போன இளவட்டங்க இன்னிக்கு எத்தனையோ மாவட்டத்துல விதை சேக்குறாங்க, பண்ணை வச்சிருக்காங்க, கடை நடத்துறாங்க. 2013 டிசம்பர் 30ல அவரு போனப்ப அந்த மண்ணுலயேதான் அவர விதைச்சாங்க.

அவர்கூட நடந்தவர்தான் நெல் ஜெயராமன். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்துல நெல் திருவிழா நடத்தி, வர்ற விவசாயிக்கு 2 கிலோ பாரம்பரிய விதை நெல்லு கொடுப்பாரு, அடுத்த வருஷம் அத 4 கிலோவா திருப்பித் தரணும், அதுதான் ஒப்பந்தம். பத்திரம் கெடையாது, ஜாமீன் கெடையாது. 2018ல அவரு எறந்தப்ப நூத்தம்பதுக்கும் மேல நெல் ரகம் இப்படி மீண்டு வந்திருந்துச்சு. இந்த ஏற்பாட்ட நான் சும்மா கதையா சொல்லல, வாங்குனவன் அடுத்த வருஷம் திரும்ப வரணும்றதுதான் இதுல உயிர். கேம்ப்புக்கு இல்லாததும் அதுதான்.

சரி, நடைமுறைக்கு வர்றேன். டைம் எங்க இருக்குன்னு கேப்பீங்க. என்.எஸ்.எஸ். வாலண்டியர் வருஷத்துக்கு 120 மணி நேரம், 2 வருஷத்துல 240 மணி நேரம் வேலை செய்யணும்னு விதியே இருக்கு, 1969ல இந்தத் திட்டம் வந்ததே மாணவர்களும் சமூகமும் சேந்து வேலை செய்யட்டும்னுதான். சனிக்கிழமை காலைல 4 மணி நேரம்னு வச்சா, ஆடில ஆரம்பிச்சு ஐப்பசி கடைசி வரைக்கும் ஒரு 16 சனிக்கிழமை, 64 மணி நேரம். மீதி நேரத்துக்கு நீங்க வழக்கமா பண்றத பண்ணலாம். ஒத்தைப்படை செமஸ்டரும் ஆடிப்பட்டமும் கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் வருது, கடலை 105 நாள் 110 நாள்ல வந்துரும், உளுந்து 70 நாள்லயே வந்துரும், குதிரைவாலி போட்டாலும் பரீட்சைக்கு முன்ன அறுத்துரலாம். நம்ம காலண்டரே இதுக்குத் தோதா இருக்கு, நாமதான் பயன்படுத்தல.

ஆனா சில விஷயத்துல கண்டிப்பா இருங்க. பசங்கள சும்மா கெடைச்ச கூலியாளுன்னு யாரும் நெனைச்சிரக் கூடாது. பசங்க வர்றாங்கன்னு சொல்லி அன்னிக்கு வழக்கமா வர்ற அம்மாக்கள வேண்டாம்னு சொல்லிட்டா, அவங்க வீட்டு அடுப்புல கை வச்ச மாதிரி ஆயிரும். அதனால நான் கேக்குறது, அந்த அம்மாக்கள டீச்சரா கூப்பிடுங்க. சனிக்கிழமை சனிக்கிழமை அவங்கதான் சொல்லிக் கொடுக்கணும், அதுக்கு முழு நாள் கூலி காலேஜ்ல இருந்து கொடுக்கணும், ஆம்பளைக்கு என்ன கூலியோ அதே கூலி. வயல்ல பொம்பளைக்கு கூலி கம்மின்றது ஊர் அறிஞ்ச விஷயம், நம்ம காலேஜ் நடத்துற எடத்துலயாவது அது இருக்கக் கூடாது. அதோட அந்தப் பசங்களும் யாருக்கு "வணக்கம்மா" சொல்லணும்னு பழகட்டும். களை எடுக்கிறவங்கள பேர் சொல்லிக் கூப்பிடுற பழக்கம், வாடி போடின்னு பேசுற பழக்கமெல்லாம் எந்த ஜாதிக் கணக்குல இருந்து வருதுன்னு நமக்குத் தெரியாததா, அது வகுப்புல லெக்சர் எடுத்து போகாது சார், அவங்க கையில இருந்து வேலை கத்துக்கிட்டாத்தான் போகும்.

பொண்ணுங்க வர்றதா இருந்தா டாய்லெட் முதல்ல பாருங்க, அது இல்லாத பண்ணைக்கு அனுப்பாதீங்க, இருக்கிற பண்ணைக்கு கொஞ்சம் செலவு பண்ணி சரி பண்ணிக் கொடுத்தாலும் நல்லது, அது அங்க வேலை பாக்குறவங்களுக்கும் ஆகும். பாம்புக்கு ஷூவும், பக்கத்துல பாம்புக்கடி மருந்து இருக்கிற ஆஸ்பத்திரி எதுன்னு முன்னாடியே விசாரிச்சு வச்சுக்கிறதும் அவசியம். பூச்சிமருந்து அடிக்கிற எடத்துக்கு கண்டிப்பா கூடாது.

மழை ஏமாத்துனாலும், பயிர் போனாலும், நடுவுல நிறுத்திராதீங்க, ரிப்போர்ட்ல "வெற்றிகரமாக அறுவடை"ன்னு எழுத முடியலையேன்னு வருத்தப்படவும் வேண்டாம். பொக்குக் கடலைய ஆஞ்ச அந்த நாளுதான் எங்க எல்லாருக்கும் மனசுல நின்னுருச்சு, அத ரிப்போர்ட்ல அப்படியே எழுதுங்க.

ஜூன்ல காலேஜ் தொறந்ததும் உங்க ஒன்றியத்து வேளாண்மை உதவி இயக்குநர் ஆபீஸ்ல போய் கேளுங்க, கூட்டா விவசாயம் பண்றவங்க, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் வச்சிருக்கிறவங்க யார் யாருன்னு லிஸ்ட் அவங்ககிட்ட இருக்கும். ரெண்டு மூணு எடம் நேர்ல போய்ப் பாத்துட்டு ஒண்ண முடிவு பண்ணுங்க. முதல் வருஷம் நூறு பேர அனுப்ப வேண்டாம், பதினஞ்சு பேர் போதும், ஒரு ஏக்கருக்கு அதுவே ஜாஸ்தி. வேலைக்குப் போயிட்ட பழைய வாலண்டியர்கள் எங்கள மாதிரி எல்லா மாவட்டத்துலயும் இருக்கோம், கூப்பிட்டா சனிக்கிழமை வந்து பசங்ககூட நிப்போம்.

இப்படிக்கு,
கரூர்ல இருந்து ஒரு சயின்ஸ் டீச்சர்