பெயர்ப்பலகை பைக்குகளுக்குப் பின்னால்

ஆசிரியருக்கு,

எங்கள் டீக்கடை வாசலில் படுத்துக்கொள்ளும் பூக்காரப் பாட்டிக்கு, காலி செய்த வீட்டின் அட்வான்ஸ் 15,000 ரூபாய் வரவேண்டியிருந்தது. "வக்கீல் ஃபீசுக்கு எங்க போவேன் தம்பி?" என்று ஒரு வருஷம் பேசாமல் இருந்துவிட்டார்.

நீதிமன்ற வளாகத்தில் இலவச சட்ட உதவி தரும் வட்ட சட்டப் பணிகள் குழுவுக்கு நான்தான் அழைத்துப் போனேன். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி இந்த உதவி பெறப் பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது, வக்கீல் இலவசம். அங்கிருந்த தன்னார்வலர் பெண், பாட்டி சொல்லச் சொல்ல மனு எழுதினார். கைநாட்டு வைத்த விரலைப் பாட்டி பூக்கூடைத் துணியில் துடைத்துக்கொண்டார். வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் போயிருக்கிறது.

சரி, அந்த அலுவலகம் எங்கே என்று கேட்டால் வளாகத்திலேயே நாலு பேருக்குத் தெரியவில்லை; பெயர்ப்பலகை பைக்குகளுக்குப் பின்னால் மறைந்து கிடக்கிறது. 15100 என்ற சட்ட உதவி எண்ணையாவது பஸ் ஸ்டாண்டிலும் ரேஷன் கடையிலும் பெரிதாக எழுதிவைக்கலாமே!

- டீக்கடைக்காரர் ஒருவர், திண்டுக்கல் மாவட்டம்