கிராமத்து மருத்துவருக்கும் நோயாளிகளுக்கும் துணை நின்றவர்களுக்கு நன்றி மடல்

அன்பு நெஞ்சங்களுக்கு,

வணக்கம். இந்தச் சுற்றுவட்டாரம் முழுவதற்கும் குடும்ப மருத்துவர் என்று இருப்பது நான் ஒருவரே. என்னையும் என் நோயாளிகளையும் கைவிடாமல் பார்த்துக்கொண்ட உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன். பெயரைப் போட வேண்டாம் என்று உங்களில் பலர் கேட்டுக்கொண்டீர்கள். அதனால் நீங்கள் செய்ததை மட்டும் சொல்கிறேன். படிக்கும்போது அவரவருக்குத் தெரிந்துவிடும்.

முதல் நன்றி, எனக்குப் பதிலாக வந்து நின்ற மாற்று மருத்துவர்களுக்கு. ஒரே ஒரு மருத்துவர் இருக்கும் இடத்தில் அவர் விடுப்பு எடுப்பது லேசான காரியமில்லை. நிறைமாதக் கர்ப்பிணி ஒருவருக்கு ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐஎன்ஆர் பரிசோதனை நாள் நெருங்கியிருக்கும். நெஞ்சு வலித்தாலும் "ஒன்றுமில்லை டாக்டர்" என்றே சொல்லும் பெரியவர் ஒருவர் இருப்பார். இவர்களை விட்டுவிட்டு எப்படிக் கிளம்புவது என்ற யோசனையிலேயே ஆண்டுகள் ஓடிவிடும். நீங்கள் வந்தபோது நேராக நாற்காலியில் உட்கார்ந்துவிடவில்லை. முதல் நாள் முழுவதும் புறநோயாளிகள் பிரிவில் என் பக்கத்திலேயே இருந்து, யாரை எப்படி விசாரிக்க வேண்டும் என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டீர்கள். அந்தப் பெரியவரைப் பற்றிச் சொன்னதும், "அவர் ஒன்றுமில்லை என்றால் உடனே ஈசிஜி எடுத்துவிடுகிறேன்" என்றீர்கள். அந்த வார்த்தையை நம்பித்தான் நான் வண்டி ஏறினேன். என் தாயாரின் அறுவை சிகிச்சையின்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் ஒவ்வொரு கோப்பிலும் தெளிவான குறிப்பு இருந்தது.

இது மருத்துவருக்குக் கிடைத்த ஓய்வு என்று மட்டும் யாரும் நினைத்துவிடக் கூடாது. நார்வே நாட்டில் 45 லட்சம் பேரின் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று உண்டு. ஒரே குடும்ப மருத்துவரிடம் 15 ஆண்டுகளுக்கு மேல் காட்டிவருபவர்களை, புதிதாக ஒரு மருத்துவரிடம் சேர்ந்து ஓராண்டே ஆனவர்களோடு ஒப்பிட்டார்கள். முதல் பிரிவினர் அவசரமாக மருத்துவமனையில் சேர்வதும் இறப்பதும் ஏறக்குறைய கால் பங்கு குறைவாக இருந்தது. நீண்ட பழக்கம்தான் முழுக் காரணம் என்று இத்தகைய ஆய்வால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனாலும் நான் அன்றாடம் பார்ப்பதோடு அது ஒத்துப்போகிறது. மருத்துவர் ஊரிலேயே நிலைக்க வேண்டுமானால், அவ்வப்போது ஊரைவிட்டுப் போய்வரவும் அவருக்கு வழி இருக்க வேண்டும். தொலைதூரப் பகுதிகளில் மருத்துவப் பணியாளர்களைத் தக்கவைப்பது பற்றி உலக சுகாதார நிறுவனம் 2010-இல் வழிகாட்டுதல் வெளியிட்டு, 2021-இல் அதைப் புதுப்பித்தது. ஊக்கத்தொகையோடு தொழில்முறைத் துணையும் தனிப்பட்ட ஆதரவும் வேண்டும் என்கிறது அது. காகிதத்தில் இருந்ததை எங்கள் ஊரில் நடத்திக் காட்டியவர்கள் நீங்கள்.

வாரந்தோறும் காணொளி வழியாக எங்களோடு உட்காரும் நிபுணர்களுக்கு அடுத்த நன்றி. இந்த முறைக்கு முன்னோடி, அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் கல்லீரல் நிபுணர் சஞ்சீவ் அரோரா 2003-இல் தொடங்கிய எக்கோ திட்டம். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி நோய் கண்டவர்கள் தம்மைத் தேடி நெடுந்தூரம் வந்து மாதக்கணக்கில் காத்திருப்பதைப் பார்த்து, கிராமப்புற மருத்துவர்களுக்கே அந்தச் சிகிச்சையைக் கற்றுக்கொடுத்தார் அவர். 2011-இல் முடிவுகள் வெளியாயின. பல்கலைக்கழக மருத்துவமனையில் 57.5 சதவீதம் பேருக்கும், அவரிடம் கற்ற மருத்துவர்களின் எளிய மையங்களில் 58.2 சதவீதம் பேருக்கும் நோய் குணமாகியிருந்தது. நிபுணரின் கண்காணிப்பு இருந்தால் உள்ளூர் மருத்துவரின் கையாலேயே அதே பலன் கிடைக்கும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

எங்கள் காணொளி வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். முடக்குவாதத்தால் விரல்களை மடக்கக்கூட முடியாமல் இருந்த ஒரு பெண்ணைப் பற்றி, பெயர் சொல்லாமல், வகுப்பில் விவரித்தேன். மெத்தோட்ரெக்சேட் தொடங்கலாம் என்று முடிவாயிற்று. அது வாரத்துக்கு ஒரே ஒரு முறை எடுக்கும் மருந்து. தினமும் விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. நிபுணர் அதையே மூன்று விதமாகச் சொல்லிக்கொடுத்தார். கேட்டுக்கொண்டிருந்த எங்கள் செவிலியர், மருந்து உறையின் மேல் கிழமையின் பெயரைப் பெரிதாக எழுதினார். வாசிக்கத் தெரியாதவர்களுக்கென்று ஒரு படமும் வரைந்து ஒட்டினார். ரத்தப் பரிசோதனைக்கு இங்கேயே மாதிரி எடுத்து அனுப்பிவிடுகிறோம். அந்தப் பெண் நகரத்துக்குப் போய் ஒரு நாள் கூலியை இழப்பதில்லை. இப்போது தன் பிள்ளைக்குத் தானே சட்டைப் பொத்தான் போட்டுவிடுகிறார். நிபுணர் ஐயா, அவரை நீங்கள் நேரில் பார்த்ததே இல்லை. அதனால்தான் இதை இங்கே எழுதுகிறேன்.

ஒரு குழந்தையைக் காப்பாற்ற முடியாமல் போன இரவில் தொலைபேசியில் அழைத்த மூத்த மருத்துவருக்கும் நன்றி. அறிவுரை எதுவும் சொல்லாமல் நான் பேசி முடிக்கும்வரை கேட்டீர்கள். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

இனி வண்டி ஓட்டும் தன்னார்வலர்கள். உங்களைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் தகும். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு வழக்கமாக வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் செய்தாக வேண்டும். ஒரு முறை தவறினாலே உடலில் நீர் சேரும், பொட்டாசியம் ஏறும், இதயமே நின்றுவிடலாம். டயாலிசிஸ் முடிந்து எழும்போது ரத்த அழுத்தம் சரிந்து தலை சுற்றும். அந்த நிலையில் பேருந்து மாறி மாறி யாரால் வீடு திரும்ப முடியும்? "இன்றைக்குப் போகவில்லை டாக்டர், வண்டி கிடைக்கவில்லை" என்ற பேச்சு நீங்கள் வந்த பிறகுதான் நின்றது. விடியுமுன் வாசலில் வந்து நிற்கிறீர்கள். சிகிச்சை முடியும்வரை வெளியே காத்திருக்கிறீர்கள். பெண் நோயாளி தனியாக வந்தால் துணைக்கு ஒரு பெண்ணையும் அழைத்து வருகிறீர்கள். இதை யாரும் உங்களுக்குச் சொல்லித்தரவில்லை.

வேல்ஸ் நாட்டின் சுரங்கக் கிராமமொன்றில் குடும்ப மருத்துவராக இருந்த ஜூலியன் டூடர் ஹார்ட், நல்ல மருத்துவம் யாருக்கு மிகவும் தேவையோ அவர்களுக்கே அது குறைவாகக் கிடைக்கிறது என்று 1971-இல் எழுதினார். அரை நூற்றாண்டு கடந்தும் அது பொய்யாகவில்லை. உங்கள் வண்டி கிளம்பும் நாட்களில் மட்டும் எங்கள் வட்டாரத்தில் அது கொஞ்சம் தலைகீழாகிறது.

மருந்தாளுநருக்கும் நன்றி. பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைக்க வேண்டும், ஆனால் உறையவிடக் கூடாது. உறைந்துவிட்ட இன்சுலின் உருகினாலும் உதவாது. குளிர்பதனப் பெட்டி இல்லாத வீடுகளின் பட்டியலை நீங்களே எடுத்து, அவர்களின் மருந்தை நம் மருத்துவ மையத்தில் பத்திரப்படுத்தி, தேவையானபோது ஒவ்வொரு குப்பியாகக் கொடுத்தனுப்புகிறீர்கள். சிலருக்குச் சர்க்கரை ஏன் கட்டுக்குள் வரவில்லை என்று நான் மருந்தின் அளவை மாற்றிக்கொண்டிருந்தபோது, அவர்கள் வீட்டுக்கே போய்க் குப்பி இருந்த இடத்தைப் பார்த்தவர் நீங்கள்.

விழித்திரைப் படம் எடுக்கும் கருவியை வாங்கித் தந்தவர்களுக்கும், அதை இயக்கக் கற்றுக்கொண்ட செவிலியர்களுக்கும், படங்களைப் பார்த்து அன்றே பதில் அனுப்பும் கண் மருத்துவருக்கும் நன்றி. சர்க்கரை நோயால் கண்ணுக்குள் வரும் பாதிப்பு தொடக்கத்தில் பார்வையைக் குறைப்பதில்லை. பார்வை மங்கித் தெரிவதற்குள் லேசர் சிகிச்சைக்குப் போனவர்கள் எங்கள் ஊரில் இன்று இருக்கிறார்கள்.

நோயாளிகளே, உங்களுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். பழகிய முகம் இல்லாத நாட்களிலும் மாற்று மருத்துவரை நம்பி உள்ளே வந்தீர்கள். நோயாளிகள் குழுவைத் தொடங்கி நீங்களே நடத்துகிறீர்கள். சர்க்கரை நோயால் கால்விரல்களை இழந்த ஒருவர், குழு கூடும்போதெல்லாம் தரையில் உட்கார்ந்து மற்றவர்களின் பாதங்களைத் திருப்பிப் பார்க்கிறார். விரலிடுக்கில் வெடிப்பு உண்டா, உணர்ச்சி குறைந்திருக்கிறதா என்று கேட்கிறார். நான் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போகிறவர்கள், அவர் சொன்னால் மறுநாளே காலணியை மாற்றுகிறார்கள்.

கணக்கு வழக்குகளைச் சலிக்காமல் பார்த்த குழுவினருக்கும், இவ்வளவு பேரையும் எங்களுக்கு விட்டுக்கொடுத்த உங்கள் குடும்பத்தாருக்கும் என் வணக்கம்.

வரும் ஆண்டுக்கான மாற்று மருத்துவர் அட்டவணையைத் தயாரிக்கத் தொடங்கிவிட்டோம். வலி தணிப்பு சிகிச்சைக்கென்று வீடு வீடாகப் போகும் செவிலியர் ஒருவரையும் சேர்க்க நினைக்கிறோம். கடைசி நாட்களில் வலியோடு கிடப்பவர்களுக்கு மார்ஃபின் வீட்டிலேயே கிடைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. வண்டி ஓட்டுவோர் பட்டியலில் அதிகாலை முறைக்கு இன்னும் ஆட்கள் தேவை. முடிந்தவர்கள் மையத்தில் செவிலியரிடம் பெயர் கொடுங்கள்.

நெஞ்சார்ந்த நன்றியுடன்,
உங்கள் குடும்ப மருத்துவர்