வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024-25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கிற உறுப்பினர்களுக்கும், தபாலில் இதைப் பெறப்போகிற வராத உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு 11 கூட்டங்கள் நடந்தன. ஒன்று மழையால் நின்றுபோனது. ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றி மிட்டாய் கொடுத்தோம். மூத்த உறுப்பினர் ஒருவரின் மறைவுக்கு இரங்கல் தீர்மானம் நிறைவேற்றினோம்.

இனி தொடர் வாசிப்பு. 'கதைகளில் பெண்ணின் மதிப்பு' என்ற தலைப்பைக் கொண்டுவந்தது நான்தான். பொதுக்குழுவில் கைதூக்கியவர்களே அப்புறம் டீக்கடையில், "வட்டத்தை மாதர் சங்கம் ஆக்கிட்டான்" என்று பேசியது என் காதுக்கும் வந்தது. நான் எங்கேயோ தேடிப் போகவில்லை, நம் ஊர்ப்பக்கத்துக் கதைகளில்தான் தொடங்கினேன் என்பதைப் பதிவு செய்கிறேன்.

முதலில் ஹெப்சிபா ஜேசுதாசனின் புத்தம் வீடு (1964). வயதுக்கு வந்ததும் லிஸியின் படிப்பு நிற்கிறது, வீட்டுக்குள் அடைபடுகிறாள். பனையேறி தங்கராஜை விரும்புகிறாள்; காத்திருப்பது ஒன்றுதான் அவள் கையில் இருக்கிறது. அதைப் பலம் என்று சொல்லலாமா என்று ஒரு மணி நேரம் சண்டை. 19 பேர் வந்திருந்தார்கள்.

கவிமணியின் மருமக்கள்வழி மான்மியத்தையும் இடையில் வாசித்தோம். நாஞ்சில் நாட்டில் சொத்து பெண்வழி போனது என்று பெருமை பேசுகிறவர்கள், அதில் ஐந்தாவது மனைவி தன் பாட்டைச் சொல்லி அழுவதை ஒருமுறை படிக்கலாம்.

அடுத்து நீல பத்மநாபனின் தலைமுறைகள் (1968), நம் இரணியல் கதை. திரவியின் அக்கா நாகம்மையை அவள் புருஷன் பெண்ணே இல்லை என்று பழிபோட்டுப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுகிறான். அன்று பின்வரிசையில் இருந்த ஒரு அக்கா மூக்குக்கண்ணாடியை முந்தானையில் துடைத்துக்கொண்டே, "மலடிண்ணு சொல்லுதோம்லா, ஆம்பிளைய என்ன சொல்லுவிய?" என்று கேட்டார். மலடன் என்ற சொல் அகராதியில் இருக்கிறது என்றேன். "அகராதியிலதானே சாரே? இசக்கியம்மைக்குத் தொட்டில் கட்ட நான்தான் போனேன். அவரு பஸ் ஸ்டாண்டுல நின்னாரு." அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். எனக்குப் பதில் வரவில்லை. தலைவர் மேசை விரிப்பை நேராக்கினார்.

பெருமாள்முருகனின் மாதொருபாகனை (2010) ஜூனில் வைத்தோம். திருச்செங்கோட்டுப் பக்கத்துக் கதை என்றாலும் வெளியிட்டது நாகர்கோவில் பதிப்பகம். பிள்ளையில்லாத காளி, பொன்னா இருவரையும் ஊர் குத்திக்கொண்டே இருக்கிறது. இந்தப் புத்தகத்துக்கு எழுந்த எதிர்ப்பால், தம்முள் இருந்த எழுத்தாளன் செத்துவிட்டதாகவே 2015இல் பெருமாள்முருகன் அறிவித்தார். 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. நம் கூட்டத்துக்கு வந்தது 6 பேர். 4 பேருக்குக் கல்யாண வீடு, 3 பேருக்கு ரப்பர் வெட்டு என்று தகவல். கொட்டுகிற மழையில் என்ன வெட்டு என்று நான் கேட்கவில்லை.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால், கையிருப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. 52 உறுப்பினர்களில் சந்தா கட்டியவர்கள் 23. ஆண்டுக்கு 300 ரூபாய்தான். பெண் உறுப்பினர்கள் 14 பேரும் ஏப்ரலிலேயே கட்டிவிட்டார்கள். அவர்களில் ஒருவர்கூடச் செயற்குழுவில் இல்லை. அப்படி ஒரு விதி கிடையாது, வழக்கம்தான். 9 ஆண்டுகளாக நான் செயலாளர், எனக்கும் இது இப்போதுதான் உறைத்தது.

இடம் தந்தவருக்கும், ஒலிபெருக்கிக்காரருக்கும், சுக்குக்காப்பி போட்ட சகோதரிகளுக்கும் (மேற்படி 14 பேரில் சிலர்) நன்றி.

அடுத்த ஆண்டுக்குச் செயலாளராக அந்த அக்காவைக் கேட்டுப் பார்த்தேன். "எட்டு மணிக்குக் கூட்டம் முடிஞ்சா என்னை யாரு வீட்டுல கொண்டு விடுவா?" என்றார். சரி, கூட்டத்தை மாலை 4 மணிக்கு மாற்றும் தீர்மானத்தை இன்று முன்வைக்கிறேன். சந்தா பாக்கி உள்ளவர்களுக்கு ஓட்டு இல்லை என்பது விதி 7. ரசீதுப் புத்தகம் வாசல் மேசையில் இருக்கிறது.