மண்டபக் காசு பற்றி

கொக்குவில், யாழ்ப்பாணம்

அன்புள்ள மச்சான்,

நாங்கள் எல்லோரும் சுகம். அம்மாவின் கண் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்து, இப்போது பத்திரிகையை ஓர் எழுத்து விடாமல் வாசிக்கிறார். உன் முழங்கால் பற்றி உன் தங்கை சொன்னாள். பனியில் நடந்து திரியாதே. மற்றப் புதினங்களைப் பிறகு எழுதுகிறேன், இது அவசரம்.

நம் கவிஞன் மூன்றாவது கவிதைத் தொகுதிக்கு ஆயத்தமாகிறான். வெளியீட்டு விழாவின் மண்டபச் செலவு முழுவதையும் நீ பொறுப்பெடுத்திருக்கிறாயாம். கொடுக்காதே.

முதல் தொகுதியை 2019இல் 500 பிரதி அடித்தான். விழா எப்படி நடந்திருக்கும் என்று உனக்குத் தெரியும், நீயும் அன்பளிப்பு உறையில் வைக்கக் காசு அனுப்பினவன்தானே. மங்கல விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, வெளியீட்டுரை, ஆய்வுரை. பிறகு ஒலிவாங்கியில் பெயர் பெயராக அழைக்க, ஒவ்வொருவராக மேடையேறி உறையைக் கொடுத்து, புத்தகத்தை வாங்கி, படத்துக்கு நின்று இறங்கினார்கள். 400 ரூபாய்ப் புத்தகத்துக்கு 5,000 வைத்தவர்களும் உண்டு. அன்றைய வரவில் அச்சகக் கடன் தீர்ந்தது. அந்த வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் இங்கே பல கவிதைப் புத்தகங்கள் அச்சையே கண்டிரா. ஆனால் அந்தத் தொகுதியில் ஒரு வரியைச் சொல்லி யாராவது அவனிடம் பேசியதாக நான் இன்றுவரை கேட்டதில்லை. விழாவுக்குப் பிறகு மிஞ்சிய 200க்கு மேற்பட்ட பிரதிகள், கறையானுக்குப் பயந்து பொலித்தீன் சுற்றி, அவன் கட்டிலுக்குக் கீழே கிடக்கின்றன. உன் வீட்டு நிலக்கீழறையிலும் ஒரு பெட்டி கிடக்கிறது, மறுக்காதே.

இரண்டாவது 2023இல் வந்தது. அதற்கு முந்திய வருடம் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் பள்ளிப் பரீட்சைகளையே ஒத்திவைத்தார்கள். அச்சுக்கூலி கேட்டாலே நெஞ்சு அடைக்கும் காலம். அதனால் 200தான் அடித்தான், மண்டபமும் எடுக்கவில்லை. பட்டணத்தில் ஒரு கடையில் நூற்றுக்கு முப்பது கழிவுக்குக் கொஞ்சம் வைத்தான், மிச்சத்தைச் சைக்கிளில் கொண்டு திரிந்தான். நம் திருநெல்வேலிச் சந்தையில் மரக்கறி விற்கும் அக்கா ஒருவர், மகளுக்கென்று வாங்கியதைத் தானே வாசித்து முடித்துவிட்டு, தூர்ந்த கிணற்றைப் பற்றிய கவிதையை அவன் முன்னாலேயே மனப்பாடமாகச் சொன்னாராம். பல்கலைக்கழகப் பிள்ளைகள் கைமாற்றி வாசித்து முனை மடிந்துபோன ஒரு பிரதியை நானே கண்டேன். கடைக்காரர் தானாகத் தொலைபேசி எடுத்து இன்னும் 20 பிரதி கேட்டார். இப்போது அவனிடம் மிச்சம் ஒரு கைப்பிடிதான்.

இவ்வளவும் கண்டபிறகும், முதலாவதுதான் விற்ற புத்தகம் என்கிறான்! அது ஒரே நாளில் அச்சுச் செலவைத் தந்ததாம், இது இரண்டு வருடம் இழுத்ததாம். ஆகவே மறுபடியும் 500 பிரதி, பெரிய மண்டபம், கொழும்பிலிருந்து ஒரு பேராசிரியர். குறைகிற பணத்துக்கு மனைவியின் சங்கிலியை அடைவு வைக்கப் போகிறான். அவளாகவே கழற்றிக் கொடுத்தாளாம். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு நித்திரை இல்லை.

வாதாடப் போனால் பாரதியைக் கொண்டுவந்து முன்னே நிறுத்துகிறான். 1920இல் கடையத்திலிருந்து, 40 புத்தகங்கள், ஒவ்வொன்றும் 10,000 பிரதி என்று திட்டம் போட்டு நண்பர்களிடம் கடன் கேட்டாரே, அவருக்கு இருந்த துணிவு எனக்கு இருக்கக் கூடாதா என்கிறான். மச்சான், பாரதி நம்பியது தீப்பெட்டியும் மண்ணெண்ணெயும் போலத் தன் புத்தகங்கள் விலைப்படும் என்று. தீப்பெட்டியை யாரும் மேடையேறி வாங்குவதில்லை, தேவைப்படுகிறவர் கடைக்குப் போய்க் கேட்டு வாங்குகிறார். நம் ஊரிலேயே எழுத்தாளர் டொமினிக் ஜீவா, 1966இல் தொடங்கிய மல்லிகை இலக்கிய இதழைக் கையில் கொண்டு தெருத்தெருவாக விற்றார். நாற்பது வருடத்துக்கு மேல் அந்த இதழ் வந்தது. சந்தையில் அந்த அக்கா வாங்கியதும் அப்படி ஒரு விற்பனைதான். அதை அவன் விற்பனையாகவே எண்ணுவதில்லை, எனக்கு அதுதான் தாங்கவில்லை.

கைப்பிரதியை வாசித்தேன். நெடுந்தீவுப் படகுப் பயணத்தை வைத்து ஒரு நீள்கவிதை எழுதியிருக்கிறான். வாசித்து முடித்து வெகுநேரம் எழும்பாமல் இருந்தேன். நம் வகுப்பில் எழுதத் தொடங்கிய எல்லோரிலும் இவன் ஒருவன்தான் எழுத்தாகவே நின்றவன். இந்தப் புத்தகமும் கட்டிலுக்குக் கீழே போகக் கூடாது.

நீ சொன்னால் கேட்பான். அவனுடைய முதல் வெண்பாவில் நீ தளை தட்டிய இடத்தைக் காட்டிய நாளிலிருந்து உன் சொல்லுக்கு மட்டும்தான் அவனிடம் மதிப்பு. மண்டபத்துக்கு வைத்த காசைக் கடதாசிக்கு என்று சொல்லிக் கொடு. 300 பிரதி போதும், சங்கிலியும் அடைவுக்குப் போக வேண்டியதில்லை. கடைகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் நான் அவனோடு போகிறேன். உன் நிலக்கீழறைப் பெட்டியையும் திறந்து, வாசிக்கக்கூடியவர்களாகப் பார்த்து, ஒவ்வொன்றாக விலைக்குக் கொடு. கணித மாஸ்டரின் குடைக் கதையை எடுத்து அவனைக் கிண்டல் செய்யாதே, இந்த முறை வேண்டாம்.

வருடப்பிறப்பு கழிந்ததும் அச்சகத்துக்கு முற்பணம் கட்டுகிறானாம். அதற்கு முன் ஒரு ஞாயிறு அழைத்துப் பேசு, என்ன சொன்னான் என்று எனக்கு உடனே எழுது.

அன்புடன்,
உன் பின்வாங்கு நண்பன்