மாரா புல்வெளியில் வண்டி எங்கே நிற்க வேண்டும்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கென்யப் பயணக் கட்டுரையைப் படித்தோம். மாசாய் மாரா காட்டுயிர்க் காப்பகத்தைப் பற்றித் தமிழில் இரண்டு முழுப் பக்கம் வந்ததில் எங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் ஒரு பகுதியை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. ஓட்டுநர் பாதையை விட்டு வண்டியை இறக்கி, மூச்சுச் சத்தம் கேட்கும் தூரத்துக்குச் சிறுத்தையின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியதாகவும், அதற்காக அவருக்குத் தாராளமாக அன்பளிப்பு கொடுத்ததாகவும் கட்டுரையாளர் மெச்சி எழுதியிருக்கிறார். படித்துவிட்டுக் கிளம்பும் குடும்பங்கள் தங்கள் ஓட்டுநரிடமும் இதையே கேட்பார்கள். கேட்கக் கூடாது. ஏன் என்று விளக்கவே இக்கடிதம்.

முதலில் பெயர். படத்தில் இருப்பது சிறுத்தை இல்லை, சிவிங்கிப்புலி. கண்ணோரத்திலிருந்து வாய்வரை கறுப்புக் கோடு கண்ணீர் வழிந்ததுபோல இறங்கும். உடம்பில் இருப்பவை தனித்தனிக் கறுப்புப் பொட்டுகள். சிறுத்தைக்கு அந்தக் கோடு கிடையாது, புள்ளிகள் பூப்போலக் கூட்டம் கூட்டமாக இருக்கும். 2022-ல் இவை நமீபியாவிலிருந்து மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டுக்கு வந்தபோது பல தமிழ் இதழ்கள் சிவிங்கிப்புலி என்றே சரியாக எழுதின. மாராவில் ஓட்டுநர்கள் ஒருவரோடொருவர் ரேடியோவில் சுவாஹிலியில் பேசிக்கொள்வார்கள்: 'டூமா' என்றால் சிவிங்கிப்புலி, 'சூய்' என்றால் சிறுத்தை, 'சிம்பா' சிங்கம், 'கிஃபாரு' காண்டாமிருகம். இந்த நாலு சொல் காதில் பட்டாலே வண்டி எதை நோக்கித் திரும்புகிறது என்று தெரிந்துவிடும்.

பெயர் மாறினால் நடத்தையும் மாறிப் புரியும் என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறோம். சிறுத்தை பெரும்பாலும் இருட்டில் வேட்டையாடி, இரையை மரத்தின் மேல் ஏற்றிவிடும். சிவிங்கிப்புலிக்கு அந்த வலு இல்லை. சிங்கமும் கழுதைப்புலியும் வந்தால் இரையை விட்டுவிட்டு ஓட வேண்டியதுதான். அதனால் அவை ஓய்ந்து கிடக்கும் பகல் நேரத்தில், பெரும்பாலும் காலையிலும் பிற்பகல் வெயில் தாழ்ந்த பிறகும் அது வேட்டையாடுகிறது. சுற்றுலா வண்டிகள் ஓடுவதும் அதே நேரம்தான். கறையான் புற்றின் மேல் ஏறி நின்று அது தூரத்து மான்களை நோட்டமிடும்போது எதிரே பத்து வண்டி வரிசை கட்டினால் பார்வை மறைகிறது. தாம்சன் மான்கள் வண்டிக் கூட்டத்தைப் பார்த்தே உஷாராகின்றன. ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் ஓட்டத்துக்காக அது அரை நாள் காத்திருந்திருக்கும். ஓடி மடக்கிய இரையின் பக்கத்தில் மூச்சு வாங்கி நிற்கும்போது வண்டிகள் நெருங்கினால், வண்டிக் கூட்டத்தை அடையாளம் வைத்தே கழுதைப்புலி வந்து சேரும்.

இதன் விலை குட்டிகளின் உயிர். மாராவில் நடந்து 2018-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, சுற்றுலா வண்டிகள் குறைவான பகுதியில் ஒரு தாய் ஓர் ஈற்றுக்குச் சராசரியாக 2.32 குட்டிகளைத் தனித்து வாழும் பருவம்வரை வளர்த்தது. வண்டிகள் மிகுந்த பகுதியில் அது 0.21. ஐந்து ஈற்றுக்கு ஒரு குட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாரா காப்பகத்தின் விதிகள் தெளிவாக இருக்கின்றன. ஒரு விலங்கின் அருகே ஒரே நேரத்தில் ஐந்து வண்டிதான் நிற்கலாம். குறைந்தது 25 மீட்டர் இடைவெளி வேண்டும். பின்னால் வண்டிகள் காத்திருந்தால் பத்து நிமிடத்தில் இடத்தை விட்டுக் கொடுக்க வேண்டும். பாதையை விட்டு இறங்கக் கூடாது. வண்டியின் கூரை மேல் ஏறக் கூடாது. அனுமதிக்கப்பட்ட இடம் தவிர வேறெங்கும் கீழே இறங்கக் கூடாது. இவை ஓட்டுநருக்குத் தெரியும். தெரிந்தும் மீறுவதற்குப் பெரும்பாலும் பின்சீட்டிலிருந்து வரும் 'இன்னும் கொஞ்சம் கிட்டே' என்ற குரலும், கடைசி நாள் அன்பளிப்பு பற்றிய கவலையும்தான் காரணம். முதல் நாள் காலை வண்டி கிளம்பும் முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள்: எங்களுக்கு விதி மீற வேண்டாம், தூரத்தில் நின்று பார்த்தால் போதும், அதனால் அன்பளிப்பு குறையாது. இந்த ஒரு பேச்சு அவருடைய மூன்று நாளையும் மாற்றிவிடும்.

நிற்கும் முறையும் உண்டு. விலங்கு நடந்துபோகும் திசைக்குக் குறுக்கே வண்டியை விடாமல் பக்கவாட்டில் நிறுத்தச் சொல்லுங்கள். தாய்க்கும் குட்டிக்கும் நடுவே ஒருபோதும் நிற்கக் கூடாது. எஞ்சினை அணைக்கச் சொல்லுங்கள். அதிர்வு போனால் உங்கள் படமும் தெளிவாகும். 25 மீட்டரிலிருந்து 400 மி.மீ. லென்ஸில் சிவிங்கிப்புலியின் உடல் சட்டகத்தை நிறைத்துவிடும், அதற்கு மேல் நெருங்க ஒரு தேவையும் இல்லை. முக்காலி வண்டிக்குள் உதவாது. வெறும் துணிப்பை ஒன்றைக் கொண்டுபோய், நைரோபியில் இரண்டு கிலோ பயறோ அரிசியோ வாங்கி நிரப்பி, திறந்த கூரையின் விளிம்பில் போட்டு அதன்மேல் லென்ஸை வையுங்கள். காலை பத்து மணிக்குப் பிறகு புல்வெளியில் கானல் எழும்பும். எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸானாலும் தூரத்துப் படம் கலங்கியே வரும்.

பாதையை விட்டு ஏன் இறங்கக் கூடாது என்பதைக் கோவில்பட்டிக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். மாராவின் பெரும்பகுதி கரிசல் மண். காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும், நனைந்தால் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். ஈரத்தில் ஒரு வண்டி இறங்கிப் போன தடத்தில் தண்ணீர் தேங்குகிறது. அடுத்த வண்டி அதை ஒதுங்கிப் போகிறது, அதற்கடுத்தது இன்னும் கொஞ்சம் ஒதுங்கி. ஒரு பருவத்துக்குள் ஒற்றைத் தடம் ஐந்தாறு தடமாக அகன்று, புல் மண்டிய இடம் சிறு ஓடையாகிவிடும். காய்ந்த நாளில் இறங்கினால் என்ன என்றால், மான்குட்டிகள் ஆபத்து வந்ததும் ஓடாமல் புல்லோடு புல்லாகப் படுத்துவிடும். ஆள்காட்டியும் வானம்பாடியும் தரையில்தான் முட்டையிடும். சக்கரத்தின் கீழ் என்ன போனது என்று ஓட்டுநருக்கே தெரியாது.

அடுத்து ஆற்றுக் கடப்பு, அதாவது வில்டபீஸ்ட் கூட்டம் மாரா ஆற்றைக் கடப்பது. கட்டுரையில் வில்டபீஸ்டைக் காட்டெருமை என்று எழுதியிருக்கிறீர்கள். பார்க்க மாடுபோல இருந்தாலும் அது இரலை இனம், சுவாஹிலியில் 'ந்யும்பு'. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்த விலங்குகள் மழையையும் புல்லையும் தேடித் தான்சானியாவின் செரெங்கெட்டிக்கும் கென்யாவின் மாராவுக்கும் இடையே ஆண்டு முழுவதும் சுற்றி வருகின்றன. ஜனவரி கடைசி முதல் மார்ச் வரை தெற்கே தான்சானியாவின் ந்டூட்டு பக்கம் குட்டி ஈனும். ஜூலை முதல் அக்டோபர் வரை மாரா ஆற்றங்கரை. ஒருமுறை கடந்துவிட்டு முடிந்தது என்று அவை போவதில்லை. அக்கரையில் மழை பெய்தால் அக்கரைக்கும், இக்கரையில் புல் துளிர்த்தால் இக்கரைக்கும் திரும்பத் திரும்பக் கடக்கும். எனவே இன்ன தேதியில் கடக்கும் என்று எந்த நிறுவனமும் உறுதி தர முடியாது. தருகிறவரை நம்ப வேண்டாம்.

கரையில் கூட்டம் சேர்ந்த பிறகு பத்து நிமிடத்திலும் இறங்கலாம், ஐந்து மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பியும் போகலாம். பல நேரம் வரிக்குதிரைதான் முதலில் தண்ணீரில் கால் வைக்கும். இந்தத் தயக்க நேரத்தில் ஒரு வண்டி கரையை நோக்கி நகர்ந்தாலும் முன்வரிசை மிரண்டு திரும்பிவிடும். அதைவிடக் கொடுமை, அவை ஏறிவர வேண்டிய கரையில் வண்டிகள் மறித்து நிற்பது. வழி கிடைக்காத விலங்குகள் செங்குத்தான மேட்டில் ஏறி வழுக்கி விழுந்து, பின்னால் வருகிறவற்றின் காலில் மிதிபட்டு மூழ்குகின்றன. நூறு மீட்டருக்கு மேல் பின்னால் நின்று, கூட்டம் தடையின்றித் தொடர்ந்து இறங்கத் தொடங்கிய பிறகே கரைக்குப் போகச் சொல்லுங்கள். பெரிய கூட்டம் கடக்க இருபது முப்பது நிமிடம் ஆகும். மூன்று நிமிடம் தாமதித்தால் எதுவும் தவறிப் போகாது.

ஆற்றில் மிதக்கும் சடலங்களைப் பார்த்துக் குழந்தைகள் கலங்கினால் இதைச் சொல்லலாம். 2001 முதல் 2015 வரையிலான கணக்கின்படி ஆண்டுக்குச் சராசரியாக 6,250 வில்டபீஸ்ட் இந்த ஆற்றில் மூழ்கி இறந்தன. எடையில் பத்து நீலத் திமிங்கிலங்களுக்குச் சமம். பிணந்தின்னிக் கழுகும் மராபூ நாரையும் முதலையும் மீனும் அதைத் தின்கின்றன. எலும்புகள் கரைய ஏழு ஆண்டு ஆகும். அதுவரை அவற்றிலிருந்து பாஸ்பரஸ் சிறுகச் சிறுக ஆற்றில் சேர்கிறது.

எப்போது போவது? நம் ஊர்ப் பள்ளிகளின் ஏப்ரல், மே விடுமுறையில்தான் பல குடும்பங்கள் கேட்கின்றன. அது கென்யாவில் நெடுமழைக் காலம். கரிசலில் வேன் புதைந்தால் பாதி நாள் போய்விடும். அப்போது போயே ஆக வேண்டுமென்றால் நாலு சக்கரமும் இழுக்கும் லேண்ட் க்ரூசர் மட்டும் எடுங்கள். காலாண்டு விடுமுறை ஆற்றுக் கடப்புப் பருவத்துக்குள் விழுகிறது. பொங்கல் விடுமுறையோ எங்களுக்கு மிகவும் பிடித்த காலம்: கூட்டம் குறைவு, ஐரோப்பாவிலிருந்து வலசை வந்த பறவைகள் இருக்கும், நுழைவுக் கட்டணமும் பாதி. 2024 முதல் வெளிநாட்டவர் ஒருவருக்கு ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். காலை 6 முதல் மாலை 6 வரையான ஒரு பகலுக்கே இந்தக் கட்டணம், இரவு தங்கி மறுநாளும் சுற்றினால் மீண்டும் கட்ட வேண்டும். கிளம்பும் முன் புதிய கட்டணத்தைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். காப்பகத்தை ஒட்டிய நாபோய்ஷோ, ஓலாரே மோட்டோரோகி, மாரா நார்த் போன்ற இடங்கள் மாசாய் மக்களின் நிலம். அவர்களுக்குக் குத்தகைப் பணம் போகிறது. செலவு கூடுதல், ஆனால் வண்டி நெரிசல் இல்லை, இரவு உலாவும் நடைப்பயணமும் அங்கே உண்டு.

ஆப்பிரிக்கா என்றதும் வெயிலை நினைத்துப் பருத்திச் சட்டை மட்டும் எடுத்துப் போகிறவர்கள் அதிகம். மாரா கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல் இருக்கிறது. ஜூலை, ஆகஸ்ட் விடியலில் திறந்த வண்டியில் பல் கிட்டும். கம்பளிச் சட்டையும் காது மூடும் குல்லாயும் ஆளுக்கு ஒன்று வேண்டும். நைரோபி வில்சன் நிலையத்திலிருந்து சிறு விமானத்தில் போனால் பெரும்பாலும் ஆளுக்கு 15 கிலோதான், அதுவும் மடங்கும் துணிப்பையில். தரைவழி என்றால் நாரோக் ஊர் வழியாக ஐந்தாறு மணி நேரம். இடுப்பு வலி உள்ளவர்கள் பின்சக்கரத்துக்கு மேலிருக்கும் இருக்கையைத் தவிர்க்கவும்.

கென்யாவில் 2017 ஆகஸ்ட் முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை. முறுக்கும் இட்லிப் பொடியும் கட்டிய கேரி பேக் விமான நிலையத்திலேயே போய்விடும்; டப்பாவில் போட்டு மஞ்சப்பையில் கொண்டுபோங்கள். 2020 ஜூன் முதல் காப்பகங்களுக்குள் ஒருமுறை பயன்படுத்தும் தண்ணீர் பாட்டிலுக்கும் அனுமதி இல்லை, எவர்சில்வர் பாட்டில் நல்லது. சாப்பாட்டுக்குக் கஷ்டமே இல்லை. அந்த ஊரிலும் சப்பாத்தி சப்பாத்திதான், டீக்குப் பெயர் சாய்.

கட்டுரையில் முற்றிலும் விடுபட்டது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. கென்யா இந்நோய் உள்ள நாடுகளின் பட்டியலில் இருப்பதால், சான்றிதழ் இல்லாமல் இந்தியா திரும்புகிறவரை ஆறு நாள் வரை தனிமையில் வைக்கலாம். ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். அதன் பிறகு ஆயுள் முழுக்கப் போதும். சென்னையில் கிண்டி கிங் ஆய்வகத்தில் போடுகிறார்கள். எந்த நாளில், எத்தனை பேருக்கு என்று முன்பே கேட்டுக்கொண்டு, அசல் கடவுச்சீட்டுடன் போங்கள். இது உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து முட்டையில் வளர்த்த ஊசி. முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், 60 வயதைத் தாண்டியவர்கள் மருத்துவரிடம் பேசாமல் பயணச்சீட்டு எடுக்க வேண்டாம். மலேரியா மாத்திரையையும் அதே மருத்துவரிடம் கேளுங்கள். சில வகை மாத்திரைகளை ஊர் திரும்பிய பிறகும் நாலு வாரம் தொடர வேண்டும். காலாண்டு விடுமுறைக்குச் செப்டம்பர் கடைசியில் கிளம்பும் குடும்பங்கள் ஆகஸ்ட் முடிவதற்குள் ஊசியை முடித்துவிட்டால், ஒரு நாள் தள்ளிப்போனாலும் பத்து நாள் கணக்கு இடிக்காது.

இப்படிக்கு,
காட்டுயிர் வழிகாட்டிகள் இருவர்,
நைரோபி