வார்னிங்கை அணைக்காதீர்கள்: கோடிங் விதிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். சி மொழியின் ஸ்விட்ச்சில் ஒரு கேஸ் பிரேக் இல்லாமல் அடுத்த கேஸுக்குள் இறங்கும்போது கம்பைலர் தருகிற இம்ப்ளிசிட் ஃபால்த்ரூ வார்னிங்கை எல்லா ப்ராஜெக்ட்டிலும் அணைத்துவிடச் சொல்லி வெள்ளிக்கிழமை நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கை கிடைத்தது. எந்த பில்ட் உடைந்து அது வந்தது என்பது உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். நாங்கள் கேட்பது ஒன்றுதான். அந்தச் சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். வார்னிங் இருக்கட்டும், வேண்டுமென்றே அடுத்த கேஸுக்குள் இறங்குகிற இடங்களை கமென்ட்டுக்குப் பதிலாக அட்ரிபியூட்டால், அதாவது கம்பைலருக்கே நேராகச் சொல்லும் குறியால், குறிக்க விடுங்கள்.

கமென்ட் போதும் என்பது உங்கள் பழைய விதி. 2017இல் ஜிசிசி கம்பைலரின் 7ஆம் பதிப்பு இந்த வார்னிங்கைக் கொண்டுவந்தபோது, 'ஃபால் த்ரூ' என்கிற கமென்ட்டைப் பார்த்தால் பேசாமல் இருந்துவிடும்படி வைத்தார்கள். லின்ட் என்கிற பழைய கோட் சரிபார்க்கும் டூல் காலத்துப் பழக்கத்துக்குக் காட்டிய தயவு அது. நம் பில்ட் சர்வரோ ஒரு மெஷினில் ப்ரீபிராசஸ் (மேக்ரோக்களை விரித்து, கமென்ட்டுகளை நீக்கும் முதல் கட்டம்) செய்துவிட்டு, வந்ததை இன்னொரு மெஷினுக்குக் கம்பைல் செய்ய அனுப்புகிறது. கமென்ட்டெல்லாம் முதல் மெஷினிலேயே உதிர்ந்துவிடுகிறது. அதனால் ஒரே ஃபைல் நம் மேசையில் சுத்தமாக கம்பைல் ஆகும், சர்வரில் எர்ரர் கொட்டும். வார்னிங்கை எர்ரராக்கும் ஃப்ளாகும் உங்கள் விதிதானே.

பில்ட் உடைந்த அன்று ராத்திரி இதைச் 'சரி பண்ண' உட்கார வைக்கப்பட்டவர் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன். கமென்ட் ஏற்கெனவே இருக்கிறது, கம்பைலர் அதைக் கேட்கவில்லை. வேறு என்ன செய்வார்? வார்னிங் வந்த இடத்திலெல்லாம் பிரேக் போட்டார். பில்ட் பச்சையானது. 'வார்னிங் ஃபிக்ஸ்' என்ற ஒற்றை வரியோடு ரிவ்யூவும் தாண்டியது. ஆனால் போர்டை ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு நகர்த்தும் ஸ்டேட் மெஷினில் ரீசெட் கேஸ் தன் வேலையை முடித்து இனிஷியலைஸ் கேஸுக்குள் இறங்கியாக வேண்டும். நடுவே பிரேக் விழுந்ததால், ரீசெட் ஆன போர்டு அடுத்த ஈவென்ட் வரும்வரை சும்மா உட்கார்ந்திருந்தது. டெஸ்ட் குழு கண்டுபிடித்துச் சொன்ன பிறகு நடந்த மீட்டிங்கில் கேள்வியெல்லாம் அந்தப் பையனிடம்தான் கேட்கப்பட்டது. அவர் கையில் கமென்ட்டை மட்டும் கொடுத்த விதியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

இப்போது வார்னிங்கையே அணைத்தால் என்ன ஆகும்? உண்மையிலேயே பிரேக் விட்டுப்போன இடமும் சத்தமில்லாமல் போய்விடும். லினக்ஸ் கெர்னலில் இதே பிரச்சினை ஆயிரக்கணக்கான இடங்களில் இருந்தது. அவர்கள் அணைக்கவில்லை. ஒவ்வோர் இடமாகப் பார்த்தார்கள், நிஜமான பிழைகளும் சில பிடிபட்டன. அப்புறம் கமென்ட்டுகளை ஃபால்த்ரூ என்ற மேக்ரோவாக மாற்றினார்கள். நாளைக்கே நாம் கிளாங் என்ற வேறு கம்பைலருக்குப் போனாலும் கமென்ட் உதவாது, அது கமென்ட்டைப் படிப்பதே இல்லை. அட்ரிபியூட்டை சி மொழியில் கிளாங் 10 முதல் ஏற்கிறது. சி மொழியின் சி23 தரத்திலேயே அது வந்துவிட்டது. தரத்துக்குழுவுக்கே எட்டிய விஷயம் நம் மூன்றாவது மாடிக்கு ஏறி வர இன்னும் எத்தனை சுற்றறிக்கை ஆகுமோ!

மிஸ்ரா என்கிற பாதுகாப்பான சி கோடிங்குக்கான விதித்தொகுப்பின் 16.3 விதி ஒவ்வொரு கேஸையும் பிரேக்கில் முடிக்கச் சொல்கிறதே என்பீர்கள். சரி, அப்படியென்றால் ஃபால்த்ரூவையே தடை செய்யுங்கள், கோடை மாற்றி எழுதுகிறோம். மிஸ்ராவையும் சொல்லிக்கொண்டு வார்னிங்கையும் அணைப்பது எந்தக் கணக்கு? அதே சுற்றறிக்கை, உள்ளே ஒன்றுமில்லாமல் அடுக்கி வைத்த கேஸ்களுக்கும் கமென்ட் கேட்கிறது. அவற்றுக்கு ஜிசிசியும் சரி, கிளாங்கும் சரி, இந்த வார்னிங்கைத் தருவதில்லை. எழுதியவர் சமீபத்தில் ஒரு ஸ்விட்ச்சைப் பார்த்தாரா என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்கவில்லை, விடுங்கள்.

பணிவாகவே மறுபடி கேட்கிறோம்: வார்னிங் இருக்கட்டும், அட்ரிபியூட்டை அனுமதியுங்கள். ஒரு ஹெடர் ஃபைல் போதும். அட்ரிபியூட் தெரிந்த கம்பைலருக்கு அட்ரிபியூட், தெரியாத பழைய கம்பைலருக்கு ஒன்றும் செய்யாத ஒரு டூ-வைல் லூப். ஹெடரை எழுதி ரிவ்யூவில் போட்டிருக்கிறோம். அடுத்த ரிலீசுக்கு முன் ஒப்புதல் தந்தால் நன்றி உடையவர்களாக இருப்போம். அந்தப் பையனின் மதிப்பீட்டுப் படிவத்தில் ஏறியிருக்கும் குறிப்பையும் தயவுசெய்து நீக்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஃபர்ம்வேர் குழுவினர்